ராசுவின் வலது கொம்பு

“மாட்டுக்குப் பின்னால எதுக்குடா சிங்கம்?”

பிரகதீஸ்வரி கேட்டது இந்த ஒரு கேள்விதான். எதிரே நின்றவர்கள் பதினோரு பேர். மாட்டுப் படம் போட்டால் பின்னால் சிங்கம் வரும், சிங்கத்துக்குப் பின்னால் மின்னல் வரும், இதிலெல்லாம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள்.

“கெத்துக்குத்தான்க்கா,” என்றான் வெற்றிசெல்வன். ராசு காளை பேரவையின் தலைவன் அவன். அவன் பைக்கில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

“சிங்கம் மாட்டத் திங்கிறதுடா. அதக் கொண்டாந்து பின்னால நிப்பாட்டினா, நம்ம மாடு அதுக்குப் பயந்து ஓடியார மாதிரில்ல தெரியும்?”

பேரவை யோசித்தது. நிஜமாகவே யோசித்தது.

“அப்பப் புலி வச்சிருங்கக்கா,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

பிரகதி சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த லேப்டாப் கீழே விழப் பார்த்தது. கல்யாணமாகிப் போன அக்கா விட்டுவிட்டுப் போன லேப்டாப் அது. அரசாங்கம் கொடுத்தது. மூடியைத் திறந்து பிடிக்க ஒரு செங்கல் வேண்டும், மற்றபடி நல்ல பெட்டி. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையன்கள் எழுதிக் கொடுத்த சீட்டை இன்னொரு தரம் படித்தாள். சிங்கம், மின்னல், நெருப்பு, கூலிங்கிளாஸ் போட்ட திருப்பதி மாமா, ராசுவின் கலர் போட்டோ, பேரவை உறுப்பினர் நாற்பத்திரண்டு பேரின் பெயர். ஒரு டீசர்ட் முதுகில் இத்தனையும் ஏற்றினால் போட்டவன் குனிந்துதான் நடக்கணும்.

ராசு, திருப்பதி மாமாவின் ஜல்லிக்கட்டுக் காளை. மாமா, பிரகதியின் அம்மா அருணாவுக்குத் தம்பி, அடுத்த வீடு. அன்னவாசலுக்கு அங்கிட்டு ஏழு கிலோமீட்டர் போனால் வரும் செங்கணாப்பட்டியில் மாமாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், ராசுவைத் தெரியாதவர்கள் இல்லை. மாமாவுக்கு ரெண்டு பையன்கள் உண்டு. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் சின்னப்பிள்ளை அத்தைதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும். ராசு ரெண்டு தரம் தும்மினால் போதும், மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடுவார். சும்மா சொல்லக்கூடாது, மாடும் அப்படித்தான். கன்னங்கரேலென்று, வாடிவாசலை விட்டு வெளியே வந்தால் நின்று விளையாடும். நாலு வருஷமாக ஒரு பயல் அதன் திமிலைத் தொட்டு நிலைத்ததில்லை. வீட்டில் கிடக்கிற நாலு கட்டில், மூணு அண்டா, ஒரு சைக்கிள் எல்லாம் ராசு சம்பாதித்தது.

ஞாயிற்றுக்கிழமை மேலப்பூவம்பட்டியில் ஜல்லிக்கட்டு. அதற்குத்தான் டீசர்ட். ஆனால் பிரகதிக்கு அது வெறும் டீசர்ட் இல்லை.

திருச்சியில் ஒரு வருஷ டிசைன் படிப்பு ஒன்று இருக்கிறது. விண்ணப்பிக்க அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். போகும்போது ஐந்து வேலைகளைக் கொண்டுபோய்க் காட்டணும், அதில் ஒன்றாவது அச்சாகி, நாலு பேர் கைக்குப் போய், புழங்கியிருக்கணும். நாலு வேலை கையில் இருந்தது. இல்லாத சோப்புக்கு உறை, திறக்காத கடைக்குப் போர்டு, அந்த மாதிரி. ஐந்தாவதுதான் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. அதற்கும் முன்னால் மாமா ‘சரி’ என்று சொல்லணும். அப்பா சோலையப்பன் ஷார்ஜாவில் டிரைவர். கேட்டதற்கு, “மாமன் சரின்னா எனக்கும் சரித்தா” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். மாமாவிடம் போய் நின்றால் அவர் பி.எட். பற்றிப் பேசினார். பி.காம். முடித்த பிள்ளை பி.எட். படித்தால் டீச்சராகலாம், டிசைன் படித்தால் என்னவாகும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

“எனக்கு ஒண்ணும் வெளங்கலத்தா,” என்றார் கடைசியில். “டிசைனு டிசைனுங்கிறியே, அப்படின்னா என்னன்னு எனக்கு வெளங்குற மாதிரி காட்டு. நம்ம ராசு டீசர்ட்டையே போடு. வெளங்கிருச்சுன்னா நானே ஒன்னயக் கூட்டிக்கிட்டுப் போயி சேத்து விடுறேன். வெளங்கலேன்னா பேசாம பி.எட். போட்டுரு. சரியா?”

“சரிங்க மாமா,” என்று வேகமாகச் சொல்லிவிட்டாள். சொல்லும்போது லேசாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

இந்தக் கிறுக்கு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி கேட்பாள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள்: “சித்தன்னவாசல் பக்கத்துலல்ல இருக்கு, அந்த ஓவியத்தப் பாத்து வந்திருக்கும்.” அட போங்கப்பா. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் அங்கேதான் டூர். ஏழு தரம் போயிருக்கிறாள். ஏழு தரமும் குகைக்குள் முண்டியடித்து, முன்னால் நிற்பவளின் ரெட்டைச் சடையைத்தான் பார்த்துவிட்டு வந்தாள். 

அவளுக்கு ஆசை வந்தது ஒரு பஸ்ஸால். 

சின்னப்பிள்ளை அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, புதுக்கோட்டை போகிற வண்டியில் பச்சைக் கோடு இருக்கும், பொன்னமராவதி வண்டியில் சிவப்புக் கோடு இருக்கும், அது போதும் அத்தைக்கு. பிரகதிக்குப் பத்து வயசாக இருக்கும்போது பொன்னமராவதி வண்டிக்காரருக்கு என்ன தோன்றியதோ, வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார். பச்சைக் கோடு போட்டார். அத்தை புதுக்கோட்டையில் நடந்த தன் சொந்தத் தங்கச்சி மகள் நிச்சயதார்த்தத்துக்கு, பட்டுப்புடவை கட்டி, தட்டில் பழத்தோடு, பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கிவிட்டாள். ஊரே ஒரு மாசம் சிரித்தது. பிரகதியும் சிரித்தாள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு அடங்கின பிறகு வேறொன்று உறைத்தது. எவனோ ஒருத்தன் எங்கேயோ ஒரு ஷெட்டில் உட்கார்ந்து கோடு இழுத்திருக்கிறான், அந்தக் கோடு நம்ம அத்தையைத் தூக்கிக்கொண்டுபோய் முப்பத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டிருக்கிறது. அடேங்கப்பா, ஒரு கோட்டுக்கு இவ்வளவு பவரா! அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

அதற்குப் பிறகு ஷார்ஜாப் பெட்டிகள். அப்பா ஊருக்கு வரும்போது கொண்டுவருகிற பேரீச்சம்பழ டப்பா, பால்பவுடர் டின், சோப்பு உறை எல்லாவற்றிலும் அரபியில் எழுதியிருக்கும். மற்றவர்கள் பேரீச்சம்பழத்தைத் தின்பார்கள். இவள் டப்பாவைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்வாள். படிக்கத் தெரியாத எழுத்து என்பதால் அவளால் அதைப் பார்க்க மட்டுமே முடிந்தது. ஒரு கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிந்து நுனியாகிறது, எங்கே சட்டென்று வளைந்து நின்றுவிடுகிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பழைய நோட்டுகளில் பக்கம் பக்கமாக அந்த வளைவுகள்தான். கணக்கு டீச்சர் ஒரு நாள் நோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, அரபி டியூசன் போறியா?” என்று கேட்டார்.

இப்படிப் பழகின கண்ணோடுதான் அவள் ராசுவைப் பார்க்கப் போனாள். சாயந்திரம், கண்மாய்க் கரை மேல் மாடு நின்றது. வெயில் அதற்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு மாடு, எதிர் வெயில், உடம்பே தெரியவில்லை. ரெண்டு கொம்பு மட்டும் தெரிந்தது. இடது கொம்பு நேராக மேலே போனது. வலது கொம்பு பாதி வரை அதே மாதிரி போய், நுனியில் மட்டும் முன்னால் மடங்கி நின்றது. கன்றுக்குட்டியாக இருந்தபோது டிராக்டர் டிப்பரில் முட்டியதில் பிஞ்சுக் கொம்பில் பட்ட அடி. மடங்கியே வளர்ந்துவிட்டது. 

பிரகதிக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் வரைய உட்கார்ந்தாள். மூன்று நாளில் நாற்பது தாள் கிழித்தாள். முதலில் தலையை வரைந்தாள், பிறகு தலையை எடுத்தாள். திமிலை வைத்துப் பார்த்தாள், அதையும் எடுத்தாள். கடைசியில் மிஞ்சியது ரெண்டே கோடு. அடியில் தடித்து, மேலே மெலிந்து, ஒன்று நேராக, ஒன்று நுனி மடங்கி. பார்த்தவுடன் ராசு! அவளே எழுந்து ஒரு குதி குதித்தாள். புதுக்கோட்டைக்குப் போய், ஒரு வெள்ளை டீசர்ட்டின் முதுகில் மட்டும் கறுப்பில் மாதிரிக்கு அடித்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் பேரவை கூடியது. மாமா நடுவில் நாற்காலியில். பிரகதி டீசர்ட்டை விரித்துப் பிடித்தாள்.

வெற்றிசெல்வன் டீசர்ட்டைத் திருப்பி முன்பக்கம் பார்த்தான். அங்கேயும் ஒன்றும் இல்லை.

“மிச்சம் எப்பக்கா போடுவீங்க?” என்றான்.

“அவ்வளவுதான்டா.”

ஒருத்தன் சிரித்தான். சிரிப்பு பரவியது. அது அவளுக்கு வலிக்கவில்லை. மாமா முகத்தைப் பார்த்தபோதுதான் வலித்தது. மாமா சிரிக்கவில்லை. மூக்கு விடைத்திருந்தது.

“வலது கொம்ப ஏன்த்தா மடிச்சுப் போட்டிருக்க?”

“அது அப்படித்தானங்க மாமா இருக்கு.”

“இருக்கும். அதுக்காக ஊரறியப் போடுவியா?”

அப்போதுதான் பிரகதிக்கு விஷயமே உறைத்தது. ஊர் முனையில் மூன்று வருஷமாக நிற்கிற ராசு பேனரில் ரெண்டு கொம்பும் நேராக இருக்கிறது. மாமாவின் போனில் இருக்கிற படத்திலும் நேர். பையன்கள் ஸ்டேட்டஸில் வைக்கிற வீடியோவின் முகப்புப் படத்திலும் நேர். மாமாதான் முதல் தடவையே பேனர் கடையில் உட்கார்ந்து நிமிர்த்தச் சொன்னவர். கூடவே மேலுக்கு எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுப்பும், கண்ணில் ரெண்டு சிவப்பு விளக்கும். அவருடைய ஒரே குறை அந்தக் கொம்பு. அதைக் கொண்டுவந்து, அது மட்டும் தெரிகிற மாதிரி, நாற்பத்திரண்டு பேர் முதுகில் ஒட்டப் பார்த்திருக்கிறாள் அக்கா மகள்.

“நிமித்திக் குடு. சிங்கத்த வையி. இல்லேன்னா பேனர் கடைக்காரரே போட்டுத் தந்துருவாரு,” என்றார்.

ரெண்டு நிமிஷ வேலை. நிமிர்த்தினால் திருச்சி. பிரகதி டீசர்ட்டைப் பார்த்தாள். நிமிர்த்திவிட்டால் அது ஏதோ ஒரு மாடு. எந்த ஊர்க் காளைக்கும் அதைப் போடலாம்.

“நிமித்தினா அது ராசு இல்லங்க மாமா,” என்றாள்.

“அப்பச் சரி. டிசைனுன்னா என்னன்னு எனக்கு வெளங்கிருச்சு,” என்று எழுந்து போய்விட்டார் மாமா. 

அன்றைக்கு அவள் அழுதாள். நன்றாகவே அழுதாள். அத்தைதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து டீசர்ட்டை எடுத்து விரித்துப் பார்த்தாள். “நம்ம ராசுல்ல இது! அச்சு அசலா இருக்கேடி,” என்றாள். சொல்லிவிட்டு, நல்ல பருத்தித் துணியாக இருக்கிறதே என்று சட்டி இறக்கக் கொண்டுபோய்விட்டாள். பாராட்டியவளும் அவள்தான், கரி பூசியவளும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேலப்பூவம்பட்டிக்கு நாற்பத்திரண்டு டீசர்ட் போனது. சிங்கம், மின்னல், நெருப்பு, கூலிங்கிளாஸ், நேர்க்கொம்பு. தூரத்தில் நின்று பார்த்தால் தக்காளிச் சட்னி கொட்டின மாதிரி இருந்தது. 

ராசு யாரையும் ஏமாற்றவில்லை. வாடியை விட்டு வந்து, நின்று, ரெண்டு சுற்றுச் சுற்றி, திமிலுக்கு வந்தவர்களை எல்லாம் உதறியது. மைக்கில் “மாட்டுக்காரருக்கு ஒரு கட்டில்!” என்று கத்தினார்கள். ஐந்தாவது கட்டில். வழக்கமாக அதோடு ராசு நேரே ஓடி, மாடுகளைப் பிடிக்கிற திடலில் கயிறோடு நிற்கிற மாமாவிடம் வந்து நிற்கும். அன்றைக்கு வெற்றிசெல்வன் ஸ்டேட்டஸ் வீடியோவுக்காக ஒரு டிரோன் பிடித்து வந்திருந்தான். அது ராசுவின் தலைக்கு மேலே இறங்கி ‘ஙொய்’ என்றது. ஆயிரம் பேர் கூட்டத்துக்கு அசையாத மாடு அந்த ஒரு சத்தத்துக்கு அரண்டது. வேலியைத் தாண்டி, தைலமரக் காட்டுக்குள் புகுந்து, போயே போய்விட்டது.

சாயந்திரம் வரை தேடினார்கள். திங்கட்கிழமை முப்பது பைக்கில் தேடினார்கள். “காணவில்லை” என்று ராசுவின் பேனர் படத்தைப் போட்டு எல்லா வாட்ஸப் குரூப்பிலும் அனுப்பினார்கள். போன் வந்தபடி இருந்தது, எல்லாம் வேறு வேறு கறுப்பு மாடுகள். ஜல்லிக்கட்டு சீசனில் ஓடிப்போன கறுப்பு மாடு ஒன்றா ரெண்டா? அந்தப் படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டலாம் என்று பார்த்தால், மினுமினுப்பும் நெருப்பும் சேர்ந்து கரி மூட்டை மாதிரி வந்தது. மாமா ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்தே சோறு சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் காலித் தொழுவத்துக்கு முன்னால், ராசு ஜெயித்த கட்டிலிலேயே சுருண்டு படுத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனுசனை அப்படிப் பார்க்கப் பிரகதிக்குப் பொறுக்கவில்லை. கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

போய் அவர் தலைமாட்டில் நின்றாள்.

“மாமா, நான் ஒரு நோட்டீசு போடுறேன். ஆனா கொம்ப மடிச்சுத்தான் போடுவேன்.”

மாமா தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் ‘வேண்டாம்’ என்றால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது. 

“எப்படி வேணாப் போடுத்தா,” என்றார். “அவன் வந்தாப் போதும்.”

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளைத் தாள். நடுவில் ரெண்டு கோடு, ஒன்று நேர், ஒன்று நுனி மடங்கியது. மேலே ‘காணவில்லை’. கீழே ‘கறுப்புக் காளை’, மாமாவின் போன் நம்பர், தள்ளி நின்றாலும் தெரிகிற அளவில். அவ்வளவுதான். அன்னவாசல் ஜெராக்ஸ் கடையில் இருநூறு எடுத்தாள். இருநூறாவது தாளும் முதல் தாள் மாதிரியே வந்தது. ரெண்டு கோட்டில் கெட்டுப்போக என்ன இருக்கிறது!

“எங்கிட்டு ஒட்டணும் சொல்லுங்கக்கா,” என்று வந்து நின்றான் வெற்றிசெல்வன். டிரோன் குற்றம் நெஞ்சில் உறுத்த, மூன்று நாளாக அவன் பேரவைத் தலைவன் மாதிரியே நடந்துகொள்ளவில்லை.

“டீக்கடை வேணாம். பால் சொசைட்டில ஒட்டு. காலையிலயும் சாயந்திரமும் மாட்டுக்காரவுங்க அம்புட்டுப் பேரும் அங்கதான வருவாங்க. மினி பஸ்ஸுக்குப் பின்னாலயும் ஒட்டு.”

பையன்கள் பசை வாளியோடு கிளம்பினார்கள். அன்னவாசல், கீரனூர், குன்றாண்டார்கோவில் வரை ஒரு பால் சொசைட்டி விடவில்லை. ஒருத்தனும் சிங்கம் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மாமாவின் போன் அடித்தது. பிரகதிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏங்க, நான் குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்துலருந்து குழந்தைசாமி பேசுறேன். கொம்பு மடங்குன காரி மாடு ஒங்களுதுங்களா?”

மாமா கட்டிலிலிருந்து எழுந்த வேகத்தில் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது.

“ஆமாங்க, ஆமா! எங்களுதுதான்! எங்கிட்டுப் பாத்தீங்க?”

“பாக்குறது என்னங்க, மூணு நாளா எங்க சோளக்கொல்லைலதான் நிக்குது. தண்ணி வச்சேன், குடிச்சுச்சு. கிட்டப் போனா மொறைக்குது.”

“மூணு நாளாவா? நாங்க குரூப்புல போட்டோ போட்டோமே, பாக்கலீங்களா?”

“வந்துச்சுங்க. ஆனா அதுல ரெண்டு கொம்பும் நேராவுல்ல இருந்துச்சு. சரி, அது வேற யாரு மாடோன்னு விட்டுட்டேன். இப்ப சொசைட்டில பால் ஊத்தப் போனேன், செவுத்துல ரெண்டு கொம்பு ஒட்டியிருந்துச்சு. ஒரு பார்வைதாங்க பாத்தேன். அட, இவன்தான்டா நம்ம கொல்லையில நிக்கிறவன்னு பால் கேன அங்கயே வச்சுட்டு போன் போடுறேன்.”

மாமா பிரகதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது, ரெண்டும் சேர்ந்து கண்ணில் தண்ணீராகிவிட்டது. பக்கத்தில் நின்ற அத்தைதான், “எம்மா, ஒரு கொம்ப நிமித்தினதுக்கு மூணு நாளு பட்டினியா!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

குழந்தைசாமியின் கொல்லைக்கு ரெண்டு வேன் போனது. கால்வாசிச் சோளத்தைத் தின்றுவிட்டு நடுவில் நின்றுகொண்டிருந்த ராசு, மாமாவின் சீட்டிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கியது. மாமா ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு எல்லோரும் பார்க்க, அந்த மடங்கின கொம்பைத் தடவிக் கொடுத்தார். குழந்தைசாமி அத்தனை பேருக்கும் டீ போட்டார், சோளத்துக்கு எதுவும் வாங்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கிளம்பும்போது அவருக்கு ஒரு கட்டிலை வேனில் அனுப்பிவைப்பதாக மாமா சத்தியம் செய்தார். 

திரும்பி வருகிற வழியில், குன்றாண்டார்கோவில் பால் சொசைட்டி வாசலில் மாமா வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய், சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை ஓரம் கிழியாமல், நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்தார். 

“வெள்ளிக்கிழமதான கடைசி நாளு? நாலுதான் இருக்குன்னியே. இந்தா, அஞ்சு,” என்று அவள் கையில் கொடுத்தார்.

பிரகதிக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. தாளை வாங்கிக்கொண்டு, வேனுக்குள் வெற்றிசெல்வன் முன்னாலேயே, வெட்கமில்லாமல் அழுதாள். இது வேற அழுகை.

திருச்சிக்கு மாமாவே கூட்டிப்போனார். கிளம்பும்போது வெள்ளைச் சட்டையைத் தேடவில்லை. நேரே அத்தையின் அடுப்படிக்குப் போய், சட்டி இறக்குகிற துணியை எடுத்து, உதறி, போட்டுக்கொண்டார். தோளில் ஒரு கரிக்கறை, இடுப்பில் ஒரு பொத்தல். முதுகில் ரெண்டு கொம்பு. “புதுசு அடிச்சுத் தாரேன் மாமா, கழட்டுங்க,” என்று பிரகதி கெஞ்சிப் பார்த்தாள். மாமா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அங்கே மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மேடம் உட்கார்ந்திருந்தார். சோப்பு உறையைப் புரட்டினார், கடைப் போர்டைப் புரட்டினார், நாலும் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. ஐந்தாவதில் கை நின்றது. பின்பக்கம் பசை காய்ந்து, ஓரத்தில் பால் கறை படிந்த ஜெராக்ஸ் தாள். அதைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

“இது எங்கம்மா ஒட்டுனீங்க?”

“பால் சொசைட்டில மேடம்.”

“பால் சொசைட்டிலயா! யாருக்காகப் போட்டது?”

“மாட்டுக்காரவுங்களுக்கு மேடம். தூரத்துலருந்து பாத்தாலும் தெரியணும், ஜெராக்ஸ் எடுத்தாலும் கெடக்கூடாது, படிக்கத் தெரியாட்டியும் வெளங்கணும், அதான்…” 

மேடம் தாளைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தார். “ரெஸ்பான்ஸ் எப்படி இருந்துச்சு?”

பிரகதி வாயைத் திறக்கும் முன்னால் திருப்பதி மாமா எழுந்து நின்றுவிட்டார். மேடத்துக்கு நன்றாகத் தெரியட்டும் என்று முதுகை ஒரு தரம் திருப்பிக் காட்டிவிட்டு, மறுபடியும் நேராக நின்றார்.

“மாடே வந்துருச்சுங்க மேடம்!” என்றார்.